வாசல் எந்தப் பக்கம்

வருஷத்தில் ஒரு நாள் எங்கள் ஜேஜு தீவில் யாரிடமும் எந்த வேலையும் வாங்க முடியாது. நிலாக் கணக்கில் எட்டாம் மாதம் முதல் தேதி அது. முடிவெட்டுகிறவர் கடையைப் பூட்டிவிடுவார், குழாய் ரிப்பேர்க்காரர் போனை எடுக்க மாட்டார். சியோலுக்கும் ஒசாகாவுக்கும் பிழைக்கப் போனவர்கள்கூட விமானம் ஏறி வந்துவிடுவார்கள். விடிந்ததிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் புல்வெட்டி இயந்திரத்தின் இரைச்சல்தான். தீவு மொத்தமும் வயலிலும் மேய்ச்சல் காட்டிலும் இறங்கி, அவரவர் குடும்பத்துச் சமாதி மேட்டில் வளர்ந்த புல்லை வெட்டிக்கொண்டிருக்கும்.

அப்படிப்பட்ட நாளில் நான் கொரியப் பெருநிலத்திலிருந்து வந்த ஆறு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு கடற்கரை காட்டப் போனேன்.

"எல்லா கைடும் புல்லு வெட்டப் போயாச்சு ஹேசுன். உனக்குத்தான் இந்த வருஷம் அந்த வேலை இல்லையே, நீ போயிட்டு வா" என்றார் முதலாளி. சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

அந்த வேலையை என்னிடமிருந்து பிடுங்கியவன் என் அண்ணன் சங்பொம். அவன் இன்ச்சோனில் குடியேறிப் பல வருஷம் ஆகிறது. அப்பா போன பிறகு ஒரே ஒரு தடவை புல் வெட்ட வந்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அவனுக்கு ஒரு முட்டிவலி, ஒரு ஆபீஸ் கூட்டம், ஒரு மச்சினன் கல்யாணம். நான்தான் அரிவாளை எடுத்துக்கொண்டு கொசான் வயலுக்குப் போய் அப்பாவின் மேட்டைச் சுத்தம் செய்து, சோற்றுக் கள் ஊற்றிக் கும்பிட்டுவிட்டு வருவேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் உறவுக்காரர்கள் யாரோ அண்ணன் காதில் ஓதிவிட்டார்கள்.

"ஊர்ல என்ன பேசறாங்க தெரியுமா? ஆம்பளப் புள்ள இருக்கறப்ப பொண்ணு போய்ப் புல்லு வெட்டுதேன்னு பேசறாங்க. இந்த வருஷம் நீ அந்தப் பக்கமே போகக்கூடாது. காசு குடுத்து ஆள் வச்சுட்டேன். வெட்டி முடிச்சு போட்டோ அனுப்பிடுவாங்க" என்று போனில் சொன்னான்.

"உனக்கு ரோஷம் வந்தா நீ வாடா. ஆள எதுக்கு அனுப்பற?"

"எனக்கு லீவு இல்ல."

வேறு ஒரு வருஷமாக இருந்தால் சண்டை போட்டுவிட்டு விட்டிருப்பேன். இந்த வருஷம் அப்படி விட முடியாது. அப்பா படுத்திருக்கிற வயல் எங்களுடையது இல்லை, அதைப் பெருநிலத்துக்காரர் ஒருவர் வாங்கிவிட்டார். கடலைப் பார்த்த மாதிரி காபிக் கடை கட்டப் போகிறாராம். வசந்த காலத்திலேயே வயல் ஓரத்தில் ஒரு பலகை நட்டார்கள். எட்டாம் மாதம் முதல் தேதி சூரியன் மறையும் வரை புல் வெட்டப்படாத சமாதி, ஆளில்லாத சமாதியாகக் கொள்ளப்பட்டுத் தோண்டி அகற்றப்படும் என்று அதில் எழுதியிருந்தது. அண்ணனிடம் படித்துக் காட்டினேன். "அதனாலதானே ஆள் வச்சிருக்கேன்?" என்று என்னையே திருப்பிக் கேட்டான்.

அன்று காலை வேனைக் கிளப்பும்போது இருக்கைக்கு அடியில் என் அரிவாளையும் ஒரு பாட்டில் கள்ளையும் வைத்தேன். வேலை இல்லை என்று தெரியும். கை கேட்கவில்லை.

ஆறு பேரில் ஐந்து பேரால் தொந்தரவில்லை. எதைக் கண்டாலும் படம் எடுக்கும் அக்கா தங்கை இரண்டு பேர். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, அவர்களுக்குக் கடலும் ஒன்றுதான், பெட்ரோல் பங்கும் ஒன்றுதான். வாயே திறக்காத ஓர் அம்மாள். அந்த அம்மாளின் கணவர்தான் ஆறாவது ஆள், மா கிச்சோல். ஏதோ அரசு அலுவலகத்தில் அடுத்தவர் செய்ததைச் சரிபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் கம்பெனியின் நோட்டீஸை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

தேபோ கரையில் இறங்கி, கருங்கல் தூண்கள் கடலில் வரிசையாக நிற்பதைக் காட்டினேன். எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது இப்படி வெடித்து ஆறு பக்கத் தூண்களாகும் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். மா ஐயா கம்பிமேல் சாய்ந்து நெடுநேரம் எண்ணினார்.

"கைடம்மா, அந்த மூணாவது தூணுக்கு அஞ்சு பக்கம்தான் இருக்கு."

"சிலது அஞ்சு இருக்கும் ஐயா."

"நோட்டீஸ்ல ஆறுன்னு போட்டிருக்கே?"

"எரிமலை நோட்டீஸ் படிக்கலை போலிருக்கு ஐயா" என்றேன். புது ஜோடி சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் அண்ணனிடமிருந்து போட்டோ வந்தது. வயலுக்கு நடுவில் பச்சைப் பசேலென்று வழித்த மேடு, சுற்றிலும் கருங்கல் வளைப்பு. பார்த்ததும் தப்பு எனக்குத் தெரிந்துவிட்டது.

மாடும் குதிரையும் மேட்டில் ஏறாமல் இருக்க நாங்கள் சமாதியைச் சுற்றிக் கல் அடுக்கி வளைத்திருப்போம். அந்த வளைப்பில் ஓர் இடத்தில் மட்டும் கொஞ்சம் இடைவெளி விட்டிருப்போம். உள்ளே இருப்பவர் வந்து போக வாசல் வேண்டாமா? படுத்திருப்பவர் ஆண் என்றால் அவருடைய இடது கைப் பக்கம், பெண் என்றால் வலது கைப் பக்கம். போட்டோவில் இருந்த மேட்டுக்கு வாசல் வலப்பக்கம் இருந்தது. அண்ணனைக் கூப்பிட்டேன்.

"போட்டோ பாத்தியா? எவ்வளவு நீட்டா இருக்கு! நீ வெட்டினா எலி கொறிச்ச மாதிரி இருக்கும்" என்றான்.

"அண்ணா, இது அப்பா இல்ல."

"என்னது அப்பா இல்ல?"

"வாசல் எந்தப் பக்கம் இருக்கு பாரு."

"ஏதோ ஒரு பக்கம் இருக்கு. அதுக்கென்ன இப்ப?"

"வலது கைப் பக்கம் இருக்கு. அப்பா என்ன பொம்பளையா?"

"நான் கரெக்டாதான் சொன்னேன். ரோட்டுலேருந்து போனா முதல் மேடுன்னு சொன்னேன்" என்றான்.

"எந்த ரோடு? நீ சொல்ற ரோட்ட உழுது பூண்டு போட்டு எத்தன வருஷமாச்சு! இப்ப ரோடு கடல் பக்கம் இருக்கு. அங்கேருந்து போனா பக்கத்து மேடுதான் முதல் மேடு. நீ வந்து பாத்திருந்தா தெரியும்."

"சும்மா கத்தாத. நான் அந்த ஆளக் கூப்பிட்டு மறுபடியும் அனுப்பறேன்."

பேர் பொறித்த கல் ஒன்று நட்டிருந்தால் இந்தக் கூத்தே இல்லை. அதையும் அண்ணன்தான் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே வந்தான். பக்கத்து மேட்டிலும் கல் இல்லை. யாரோ ஒரு பெண்பிள்ளை என்பதைத் தவிர அது யார் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அதற்கு யாரும் வந்து நான் பார்த்ததில்லை. நாணலும் முள்ளும் மூடி, மேடு இருப்பதே தெரியாமல் கிடக்கும். இப்போது அந்த அம்மாள் கல்யாணப் பெண்ணைப்போல் சுத்தமாக இருக்கிறாள், என் அப்பா புல்லுக்குள் கிடக்கிறார்.

உடனே வேனைத் திருப்பியிருக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். கைடு சொந்த வேலை பார்த்தால் அன்றோடு சீட்டுக் கிழியும் என்பது எங்கள் கம்பெனிச் சட்டம். போன மாதம்தான் ஒருத்தன் வழியில் மாமியார் வீட்டில் பூசணிக்காய் இறக்கிவிட்டு, விருந்தாளி எழுதிய புகாரில் வேலையை இழந்தான். எங்கள் வழியில் கொசான்தான் கடைசி நிறுத்தம். அங்கே சுவொல் குன்றில் சூரியன் மறைவதைக் காட்டுவதோடு பயணம் முடிகிறது. கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தால் இவர்களைக் குன்றில் ஏற்றிவிட்டு நான் வயலுக்கு ஓடிவிடலாம். அவ்வளவுதான் கணக்கு.

யொங்மொரிக் கரையில் கதவு சாத்தியிருந்தது. ஒகினாவா பக்கம் எங்கோ சுற்றிக்கொண்டிருந்த புயலால் இங்கே அலை பாறை மேல் ஏறிக்கொண்டிருந்தது. மற்ற நாளில் இது எனக்குத் தலைவலி. அன்றைக்கு மனசுக்குள் கும்பிட்டேன்.

"அலை அதிகம், இன்னிக்கு உள்ள விட மாட்டாங்க. மேலேருந்து பாத்துட்டு அடுத்த இடத்துக்குப் போயிடலாம்" என்றேன்.

மா ஐயா நோட்டீஸைப் பிரித்தார். "கரையில நடக்கலாம்னு போட்டிருக்கு."

"வானிலையைப் பொறுத்துன்னும் கீழ போட்டிருக்கு ஐயா."

"பாத்தேன். அப்படி நடந்தா சமமான வேறொரு இடம் காட்டப்படும்னு அதுக்கும் கீழ போட்டிருக்கு."

அதை எழுதியவன் கையில் கொள்ளிக்கட்டையை வைக்க வேண்டும். சமமான இடமாக சொங்ஆக் மலைப் பாதையை அவரே தேர்ந்தெடுத்தார். சுருக்கு வழி ஒன்று இருந்ததை நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே பலகையில் பார்த்துவிட்டு, "அது வேண்டாம், முழுசாச் சுத்துவோம்" என்றார். எரிமலை வாயைச் சுற்றி அந்த வெயிலில் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு கல்லாகப் பார்த்து நடந்தார். அவர் பின்னால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். கீழே தெரிந்த வயல்களிலெல்லாம் குடும்பம் குடும்பமாக ஆட்கள் குனிந்திருந்தார்கள்.

"இவ்வளவு பேரு என்ன பண்றாங்க கீழ?" என்று கேட்டாள் புதுப்பெண்.

"அப்பா அம்மா மேட்டுல புல்லு வெட்டறாங்கம்மா."

"அழகா இருக்குல்ல?" என்று அவள் புருஷன் தோளில் சாய்ந்தாள்.

மொசுல்போவில் சாப்பாடு. கூட்டமில்லாத ஒரு கடையை நான் பார்த்து வைத்திருந்தேன். அக்கா தங்கைக்கு அது பிடிக்கவில்லை. டிவியில் வந்த கடையில்தான் குளிர்ந்த கோதுமை நூடுல்ஸ் சாப்பிடுவார்களாம். அங்கே வரிசை தெருமுனை வரை நின்றது. வரிசையில் நின்றபடி அண்ணனைக் கூப்பிட்டேன்.

"ஆள் கிடைச்சானா?"

"எடுக்கவே மாட்டேங்கறான். ஆபீஸ்ல கேட்டா, இன்னிக்கு எல்லா ஆளும் காட்டுல இருக்காங்க, நாளைக்குப் போய் இலவசமா வெட்டிக் குடுக்கறோம்னு சொல்றாங்க."

"நாளைக்கு எதுக்கு? நாளைக்கு அங்க காபிதான் ஆத்துவாங்க."

"ஏன்டி என்னையே பிடிச்சுக் குதறற? நான் காசு குடுத்தேன்ல? என் வேலைய நான் செஞ்சாச்சு. அவங்க தப்பு பண்ணா நான் என்ன செய்வேன்?"

போனை அணைத்தேன். தட்டில் நூடுல்ஸ் வந்தது. மேலே வைத்திருந்த பன்றிக்கறித் துண்டுகளை மா ஐயா எண்ணிவிட்டு, பக்கத்து மேஜையிலும் எண்ணினார். நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகும் நேரம் இருந்தது. கொசானுக்குக் கரையோரமாகப் போனால் கூப்பிடு தூரம்தான். ஆனால் வழியில் டால்பின் இருந்தது. "அதிர்ஷ்டம் இருந்தால் டால்பின்களையும் காணலாம்" என்று நோட்டீஸில் ஒரு வரி. மா ஐயா வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி, கரையில் ஒரு கருங்கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"இருந்தா வரும் ஐயா. நம்ம கையில இல்ல."

"அதிர்ஷ்டம் இருக்கா இல்லையான்னு பாக்க ஒரு நியாயமான நேரம் குடுக்கணுமில்ல?"

நியாயமான நேரம்! கடலைப் பார்த்தபடி நின்றேன். வெயில் மஞ்சளாக மாறத் தொடங்கிவிட்டது. சரி போகலாம் என்று ஒருவழியாக அவர் எழுந்தார். எல்லாரையும் ஏற்றிக் கதவைச் சாத்தினேன், அப்போது பார்த்துத் தண்ணீரில் ஒரு துடுப்பு தெரிந்தது. அதற்குப் பின்னால் இன்னும் நாலைந்து. அக்காவும் தங்கையும் கிறீச்சிட்டுக்கொண்டு மறுபடி இறங்கி ஓடினார்கள். என் ஆயுசில் ஒரு டால்பினைத் திட்டியது அன்றைக்குத்தான்.

மறுபடி கிளம்பியபோது சாலை முழுக்க வேலை முடிந்து திரும்பும் டிரக்குகள். பின்னால் புல்வெட்டி இயந்திரங்களையும் பிள்ளைகளையும் போட்டுக்கொண்டு ஊர்ந்தார்கள். அவர்கள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொசான் வயல்வெளி கண்ணுக்குத் தெரிந்தபோது சூரியன் சாக்வி தீவுக்கு மேல் இறங்கிவிட்டிருந்தது. இனிமேல் இவர்களைக் குன்றில் ஏற்றிவிட்டு வந்தால் ஒன்றுக்கும் ஆகாது.

வேனைச் சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டு இருக்கையில் திரும்பி உட்கார்ந்தேன்.

"எல்லாரும் கேளுங்க. அதோ அந்த வயல்ல எங்க அப்பா இருக்காரு. இன்னிக்குச் சூரியன் மறையறதுக்குள்ள புல்லு வெட்டலன்னா அவரத் தோண்டி எடுத்துருவாங்க. நான் வெட்டப் போறேன். சூரியன் அங்கேருந்தும் தெரியும். யாருக்குப் பிடிக்கலயோ கம்பெனிக்கு எழுதிப் போட்டுடுங்க."

மா ஐயாதான் ஆரம்பித்தார். "இது நோட்டீஸ்ல இல்லையே."

காலையிலிருந்து அடக்கி வைத்த அத்தனையும் என் வாய்க்கு வந்துவிட்டது. அதை நான் கொட்டுவதற்குள் அவர் மனைவி முந்திக்கொண்டார்.

"உங்க அம்மா மேட்டுக்குப் போய் எத்தன வருஷமாச்சுங்க?"

நாள் முழுக்க அந்த அம்மாள் பேசிய முதல் வார்த்தை அதுதான். மா ஐயா நோட்டீஸை மடித்துப் பைக்குள் வைத்தார். அந்த அம்மாள் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். நான் அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வயல் வரப்பில் பியோன் தேசு நின்றுகொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒன்றாகப் படித்தவன், இப்போது புது நிலத்துக்காரரின் எடுபிடி. தோண்டப்போகும் மேட்டில் நடுவதற்காக மூங்கில் குச்சியில் கட்டிய சிவப்புக் கொடிகளை அக்குளில் கட்டாக இடுக்கியிருந்தான். அதில் ஒன்றை அப்பாவின் தலைமாட்டில் ஏற்கெனவே நட்டிருந்தான். அப்பாவைச் சுற்றிப் புல் இடுப்பளவு நின்றது.

"ஏ ஹேசுன், என்ன இவ்வளவு லேட்டு? எங்க வீட்டு மேடெல்லாம் காலையிலயே முடிச்சாச்சு."

"கொடியப் பிடுங்குடா."

"சூரியன் மறையட்டும், பாப்போம்."

நானே பிடுங்கி எறிந்தேன். குனிந்து வெட்ட ஆரம்பித்தேன். ஈரமான அடர்ந்த புல், அரிவாளைப் பிடித்துப் பிடித்து இழுத்தது. அக்கா தங்கையும் புது ஜோடியும் வளைப்புக்கு வெளியே திகைத்து நின்றார்கள். மா ஐயாவின் மனைவி மட்டும் வாசல் வழியாக உள்ளே வந்து, நான் வெட்டிப் போட்டதை அள்ளி வெளியே கொட்டினார். ஒரு பக்கம் முடியவே சூரியன் கடலுக்கு ஒரு சாண் மேலே வந்துவிட்டது.

பியோன் என் பக்கத்தில் வந்து குந்தினான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"இங்க பாரு. பக்கத்து மேட்ட காலையில ஒருத்தன் வந்து வழிச்சுட்டுப் போனான். உங்கண்ணன் அனுப்பின ஆளுதானே? தப்பா வெட்டிட்டான், அப்படித்தானே?"

நான் வெட்டிக்கொண்டே இருந்தேன்.

"அது ஆளில்லாத மேடு. எனக்கு நல்லாத் தெரியும். அதுக்குன்னு இருந்த கொடி என் கையிலயே இருக்கு. தப்பா நடந்துபோச்சுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு, அத அங்க நடறேன். உங்கப்பா மேட்டு விஷயத்துல நான் கண்ண மூடிக்கறேன். பாதி வெட்டினாலும் வெட்டினதுதான்னு சொல்லிடறேன். நீயும் நிம்மதியா வீட்டுக்குப் போ."

நியாயமான பேச்சுதான். நானும் அதைக் கேட்டு நிமிர்ந்தேன். அப்பா பிழைத்துவிடுவார், எனக்கு வேண்டியது அதுதானே? பக்கத்து மேட்டைப் பார்த்தேன். இத்தனை வருஷம் முள் அடைத்துக் கிடந்த வாசல் அன்றைக்குத்தான் திறந்திருந்தது. சாய்ந்த வெயில் அதன் வழியாக உள்ளே போய்க் கால்மாட்டில் விழுந்திருந்தது.

காலையிலிருந்து எனக்கு வாய்த்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். அண்ணன், என் வேலை முடிந்தது என்றான். புல் வெட்டும் கம்பெனி, நாளைக்கு என்றது. மா ஐயா, நோட்டீஸில் இல்லை என்றார். இப்போது இவன், கண்ணை மூடிக்கொள்கிறேன் என்கிறான். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெயர் தெரியாத அம்மாளை நான் மட்டும் தள்ளிவிட்டுப் போக வேண்டுமா என்று தோன்றிவிட்டது. பெரிய மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்போது எனக்கு இருந்தது வீம்பு.

"தப்பா யாரும் வெட்டல. அது எங்க பெரியம்மா" என்றேன்.

"யாரு?"

"காது கேக்கலயா? எங்க பெரியம்மா. நாங்கதான் ஆள் வச்சு வெட்டினோம்."

"உனக்கு ஏதுடி பெரியம்மா? இத்தன வருஷம் அந்த மேட்டத் தொடாம எங்க போயிருந்தே?"

"எங்க குடும்பத்து வம்பு உனக்கெதுக்குடா?"

பியோன் எழுந்து நின்றான். முகம் கறுத்துவிட்டது. "அப்படியா? சரி. அப்ப நானும் பலகையில இருக்கறபடியே நடக்கறேன். உங்கப்பா மேடு முழுசா வெட்டியிருக்கணும். சூரியன் கடலத் தொட்டாச்சு, பாத்துக்க." நான் பிடுங்கி எறிந்த கொடிக் குச்சியை எடுத்துக்கொண்டு அப்பாவின் தலைமாட்டுக்கு நடந்தான்.

வீம்புக்கு வாயைக் கொடுத்து அப்பாவைத் தொலைத்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"ஒரு நிமிஷம் தம்பி."

மா ஐயா பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். எப்போது அங்கே போனாரோ தெரியாது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து படித்துக்கொண்டிருந்தார்.

"சூரியன் மறையும் வரைன்னு போட்டிருக்கு. இப்ப மறைஞ்சிருச்சா?"

"கடலத் தொட்டாச்சுங்க."

"தொட்டா மறைஞ்சதா? முக்கால்வாசி வெளியில நிக்குதே. நீங்க படிச்சுப் பாருங்க, தொடும் வரைன்னு எங்கயாவது இருக்கா?"

"ஐயா, நீங்க ஊருக்குப் புதுசு. இதெல்லாம் உங்களுக்கு..."

"எனக்குப் படிக்கத் தெரியும் தம்பி. இந்த அறிவிப்புல கையெழுத்துப் போட்டது யாரு? நீங்களா? இல்ல. கொடி நடற அதிகாரம் உங்களுக்குக் குடுத்ததுக்கு என்ன அத்தாட்சி? அதையும் காட்டுங்க, பாப்போம்."

அவர் கேட்ட தொனி எனக்கு மனப்பாடம். தூணுக்கு எத்தனை பக்கம் என்று கேட்டதும் இதே தொனியில்தான். நாள் முழுக்க என்னை அரித்த அரிப்பு இப்போது பியோனைப் பிடித்துக்கொண்டது. பியோன் ஒன்று சொல்வான், அவர் பலகையில் விரலை வைத்து ஒன்று கேட்பார். சூரியனின் விளிம்பு எங்கே, கடலின் விளிம்பு எங்கே, நடுவில் இருக்கும் தீவைக் கணக்கில் சேர்ப்பதா கூடாதா என்று ஒரு வழக்கே நடந்தது.

"ஏன் நின்னு வேடிக்கை பாக்கறீங்க? பிடுங்குங்க!" என்று மா ஐயாவின் மனைவி மற்றவர்களைப் பார்த்து அதட்டினார். புது மாப்பிள்ளை வளைப்பைத் தாண்டிக் குதித்தான். வாசல் இருக்கும்போது ஏறிக் குதிக்கக்கூடாது என்று சொல்ல எனக்கு நேரமில்லை. புதுப்பெண்ணும் அக்கா தங்கையும் கையாலேயே பிடுங்கினார்கள். தங்கைக்கு விரல் கிழிந்து ரத்தம் வந்தது, பிடுங்குவதை அவள் நிறுத்தவில்லை. நான் கண் மண் தெரியாமல் வெட்டினேன்.

கடலில் சிவப்பாக ஒரு நூல் மட்டும் மிச்சம் இருந்தபோது கடைசிப் பிடியை வெட்டிப் போட்டுவிட்டு அப்படியே மேட்டில் சாய்ந்து உட்கார்ந்தேன். எலி கொறித்த மாதிரிதான் இருந்தது. ஆனால் வெட்டியாகிவிட்டது.

பியோன் கொடிக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டான். "சரி, வெட்டிட்ட. ரெண்டும் உங்களதுன்னு முதலாளிகிட்டச் சொல்லிடறேன். ஆனா ஒண்ணு, அடுத்த வருஷமும் ரெண்டும் வெட்டியிருக்கணும். பெரியம்மாவ மறந்துட்டேன்னு வந்து நிக்காத." நாலடி போய்த் திரும்பினான். "யாரு அந்தக் கிழவர்? இன்னொரு தடவை இந்தப் பக்கம் கூட்டிட்டு வராத."

இருந்தது ஒரு பாட்டில் கள். பாதியை அப்பாவுக்கு ஊற்றிக் கும்பிட்டேன். மீதியை எடுத்துக்கொண்டு பக்கத்து வளைப்பின் வாசல் வழியாக உள்ளே போனேன். கும்பிடும்போது என்ன பேர் சொல்வது என்று தெரியவில்லை. "பெரியம்மா, இது நான்தான்" என்று மட்டும் சொன்னேன். சொல்லி முடித்ததும் அழுதுவிட்டேன்.

வேனில் ஏறும்போது மா ஐயா நோட்டீஸைப் பிரித்து, "சுவொல் குன்று விட்டுப்போச்சு" என்றார். அவர் மனைவி அவரைப் பார்த்தார். அவர் மடித்து வைத்துக்கொண்டார். மறுநாள் கம்பெனிக்கு எழுதியதில் எனக்கு மூன்று நட்சத்திரம் போட்டிருந்தார். குன்று காட்டப்படவில்லை என்று எழுதியிருந்தார், வயலைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

எல்லாரையும் விடுதியில் இறக்கிவிட்ட பிறகு அண்ணனுக்கு இரண்டு மேட்டையும் சேர்த்து எடுத்த போட்டோவை அனுப்பினேன். உடனே கூப்பிட்டான்.

"அப்பாடா! வெட்டிட்டியா? எனக்கு மத்தியானத்துலேருந்து சோறே இறங்கல. பக்கத்துல என்ன இன்னொண்ணு?"

"நம்ம பெரியம்மா."

"நமக்கு ஏது பெரியம்மா?"

"இன்னிக்கு வந்தாங்க. அடுத்த வருஷத்துலேருந்து ரெண்டு மேடு வெட்டணும். ஆள் கீள் அனுப்பற வேலை வச்சுக்காத. ஒரு அரிவாள்தான் என்கிட்ட இருக்கு, இன்னொண்ணு நீ கொண்டு வா."

திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி மெதுவாகக் கேட்டான்.

"ஹேசுன், இந்த ரெண்டுல அப்பா எது?"

காலையிலிருந்து வாயில் சேர்த்து வைத்திருந்தவை ஒன்றும் வரவில்லை. "வாசல் இடது கைப் பக்கம் இருக்கறது" என்றேன்.

"இடதுன்னா, அப்பாவுக்கு இடதா? நமக்கு இடதா?"

"வந்து பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.